காற்று வேறு, ஆழிப்பேரலை வேறு: இயற்கையின் விசைகளை அறிந்து வாழ்வோம்



2025ஆம் ஆண்டு கார்த்திகை மாத இறுதியில் டித்வா சூறாவளி எமது தீவைத் தாக்கிய நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். காற்று இரைந்துகொண்டிருந்த அந்த இரவிலே “சுனாமி வருகுதாம்” என்று எவரோ சொன்ன ஒரு சொல் எமது கிராமத்தின் ஒழுங்கைகள்தோறும் பரவியது. உறுதியான கல்வீடுகளில் இருந்தவர்கள்கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மரக்கிளைகள் முறிந்து விழுகின்ற வீதியிலே இறங்கி ஓடினார்கள். அம்பாளின் கருணையினால் எவருக்கும் பாரிய தீங்கு நேரவில்லை. ஆயினும், வீட்டினுள்ளே இருந்திருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கக்கூடிய பலர் அன்று தாமாகவே ஆபத்தைத் தேடிச் சென்றார்கள் என்பதே உண்மை.

சில வாரங்களின் பின்னர் எமது ஆலய அறநெறிப் பாடசாலையில் ஒரு சிறுமி என்னிடம், “காத்து இப்பிடிப் பலமா அடிச்சாச் சுனாமி வரும்தானே ஐயா?” என்று கேட்டாள். “இல்லைப் பிள்ளை” என்று சொன்னேன். “அப்ப சுனாமி எப்பிடி வரும்?” என்று அவள் திருப்பிக் கேட்டபோது என்னால் ஒழுங்காக விளக்கிக்கூற முடியவில்லை. அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகக் கோவைகளோடு காலம் கழித்தவன் நான். விஞ்ஞானம் கற்பித்தவன் அல்லன். ஆகவே நூல்களைத் தேடிப் படித்தும், அறிந்தவர்களிடம் கேட்டும் விளங்கிக்கொண்டவற்றை, அந்தப் பிள்ளைக்குக் கூறும் மறுமொழியாக இம்மலரிலே எழுதுகின்றேன். அவள் 2004ஆம் ஆண்டு மார்கழியின் பின்னர் பிறந்தவள். எமது பாடசாலைப் பிள்ளைகள் அனைவருமே அவ்வாறு பிறந்தவர்கள்தான். அவர்களுக்குச் சொல்லவேண்டிய பொறுப்பு நம்முடையது.

ஐம்பூதங்களும் மூன்று விசைகளும்

நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதங்களால் ஆனது இவ்வுலகம் என்பது நமது சமயத்தின் அடிப்படைக் கருத்து. வெளியிலிருந்து வளியும், வளியிலிருந்து தீயும், தீயிலிருந்து நீரும், நீரிலிருந்து நிலமும் தோன்றியதாகத் தைத்திரீய உபநிடதம் கூறுகின்றது. ஐம்பூதங்களையும் இறைவனின் வடிவங்களாகவே கண்டு, நிலத்துக்குக் காஞ்சிபுரம், நீருக்குத் திருவானைக்கா, தீக்குத் திருவண்ணாமலை, காற்றுக்குத் திருக்காளத்தி, வெளிக்குச் சிதம்பரம் எனத் தலங்களை வகுத்து நம் முன்னோர் வழிபட்டனர். பூதங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயல்பு உண்டு என்பதும் இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

இன்றைய விஞ்ஞானமும் இதற்கு முரணாகப் பேசவில்லை. கடலை அசைக்கின்ற பெரும் விசைகள் மூன்று. முதலாவது சூரியனின் வெப்பம். காற்றும் மழையும் சூறாவளியும் நாளாந்த அலைகளும் இதனால் உண்டாகின்றன. இரண்டாவது சந்திரனும் சூரியனும் இழுக்கின்ற ஈர்ப்பு விசை. கடலின் வற்றும் பெருக்கும் இதனால் நிகழ்கின்றன. மூன்றாவது பூமியின் உள்ளே உள்ள வெப்பம். புவிநடுக்கமும் எரிமலையும் அதிலிருந்தே பிறக்கின்றன. ஆழிப்பேரலை பெரும்பாலும் இந்த மூன்றாவது விசையின் பிள்ளை. சூறாவளியோ முதலாவது விசையின் பிள்ளை. இரண்டும் கடலிலிருந்து வருவதனால் இரண்டும் ஒன்றே என்று நாம் மயங்கிவிடுகின்றோம்.

காற்று பிறக்கும் விதம்

சூரியன் நிலத்தையும் கடலையும் ஒரே அளவில் சூடாக்குவதில்லை. சூடேறிய இடத்தில் காற்று இலேசாகி மேலெழ, அங்கே அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கிக் காற்று ஓடி வருகின்றது. பகலிலே கடலிலிருந்து கரைக்கும், இரவிலே கரையிலிருந்து கடலுக்கும் காற்று வீசுவது இதனால்தான். கரையோர மீனவர்கள் இதனை எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். இதே காரியம் ஒரு கண்டத்தின் அளவிலே நிகழும்போது அது பருவக்காற்றாகின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்தும், மார்கழி முதல் மாசி வரை வடகிழக்கிலிருந்தும் காற்று எமது தீவை வந்தடைகின்றது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்து நம் முன்னோர் காற்றைப் பழகியிருந்தார்கள்.

காற்று கடலின் மேற்பரப்பை உரசிச் செல்வதனால் அலை எழுகின்றது. இவ்வாறான அலைகள் 5 முதல் 20 செக்கன்களுக்கு ஒன்றாகக் கரையை வந்தடையும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான தூரம் சில மீற்றர் முதல் சில நூறு மீற்றர் வரை இருக்கலாம். அந்தத் தூரத்தின் அரைவாசி ஆழத்துக்குக் கீழே நீரில் அசைவு அநேகமாக இல்லாமற் போய்விடும். அதாவது, எவ்வளவு பெரிய காற்றானாலும் அது கடலின் மேற்றோலைத்தான் அசைக்கின்றது. ஆழ்கடலின் அடிநீர் அசையாமலே கிடக்கின்றது.

சூறாவளியும் கடல் பெருக்கும்

கடல்நீரின் மேற்பரப்பு ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கும் காலத்தில், அங்கிருந்து எழும் நீராவியே சூறாவளிக்கு உணவாகின்றது. தாழமுக்கம் ஆழமாகி, பூமியின் சுழற்சியினால் காற்று வளைந்து, எமது வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழலத் தொடங்குகின்றது. வங்காள விரிகுடாவில் ஐப்பசி முதல் மார்கழி வரையான காலமே எமக்கு அபாயமான காலம்.

சூறாவளி மூன்று வழிகளில் கொல்கின்றது. முதலாவது காற்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தென்னந்தோட்டங்கள் முழுவதும் முறிந்து வீழ்ந்ததை எமது வயதினர் கண்ணாற் கண்டோம். இரண்டாவது மழை. டித்வாவின் காற்று 1978இன் காற்றைப்போல் அத்தனை கடுமையானதன்று. ஆயினும் அது கொட்டிய மழையினால் மலையகத்தில் மண்சரிவுகளும், நாடெங்கும் வெள்ளமும் ஏற்பட்டு 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து “இது சின்னப் புயல்தானே” என்று எண்ணக்கூடாது என்பதை அது நமக்குக் கற்பித்தது.

மூன்றாவதே நமது மயக்கத்துக்குக் காரணமானது. அதுதான் புயலோடு வரும் கடல் பெருக்கு. சூறாவளியின் நடுவில் அமுக்கம் குறைவதனால் கடல் மேலெழுகின்றது. ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் என்பது கணக்கு. இது சிறிதுதான். ஆனால் கரையை நோக்கி மணிக்கணக்காக வீசும் காற்று நீரைத் தள்ளிக்கொண்டுவந்து கரையிலே குவித்துவிடுகின்றது. கடல் ஆழமற்ற இடங்களில் இவ்வாறு குவியும் நீர் பல மீற்றர் உயரத்துக்கும் எழக்கூடும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்து, ஒரு புகையிரதத்தையும் அதிலிருந்த நூறுக்கும் மேற்பட்ட பயணிகளையும் கொண்டுபோனது இந்தப் பெருக்கே. 1970ஆம் ஆண்டு நவம்பரில் இன்றைய பங்களாதேஷின் கரையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டதும் இதனாலேயே. ஊருக்குள் கடல் புகுந்ததனால் பலர் இவற்றையும் சுனாமி என்று சொல்லுகிறார்கள். ஆனால் இவை காற்று கொண்டுவந்த நீர். காற்றுக்கு முன்னறிவிப்பு உண்டு. வளிமண்டலவியல் திணைக்களம் ஓரிரு நாட்களுக்கு முன்னரே அதனைச் சொல்லிவிடும்.

ஆழிப்பேரலை பிறக்கும் விதம்

இனி 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக்கு வருவோம். அது ஞாயிற்றுக்கிழமை. பூரணை தினம். திருவெம்பாவைப் பூசைக் காலம். காலையில் புயலும் இல்லை, புயல் எச்சரிக்கையும் இல்லை. அப்படியிருக்கக் கடல் ஏன் எழுந்தது?

பூமியின் மேலோடு பல பெரும் தகடுகளாகப் பிரிந்திருக்கின்றது. உள்வெப்பத்தினால் இத்தகடுகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம், அதாவது நமது நகம் வளரும் வேகத்தில், நகர்ந்துகொண்டிருக்கின்றன. இந்தோனேசியாவின் சுமாத்திராவுக்கு மேற்கே இந்தியத் தகடு அயல் தகட்டின் கீழே அமிழ்ந்து செல்கின்றது. இரண்டும் உராய்ந்து சிக்கிக்கொள்ளும்போது மேற்தகடு வில்லைப்போல வளைந்து நிற்கும். பல நூறு ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்த அந்த அழுத்தம் அன்று காலை எமது நேரப்படி 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் விடுபட்டது. 9.1 அளவுடைய புவிநடுக்கம் ஏற்பட்டு, 1,200 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குக் கடலடித்தளம் பிளந்து, சில இடங்களில் பல மீற்றர் உயர்ந்தது. கடலடி எழும்பியபோது அதன்மேல் நின்ற நீர் முழுவதும் எழும்பியது. அந்த நீர் மீண்டும் சமநிலைக்கு வர முயன்று இரு புறமும் பரந்ததே ஆழிப்பேரலை.

ஒரு வாளி நீரின் மேல் வாயால் ஊதினால் சிற்றலைகள் எழும். அது காற்றின் வேலை. அதே வாளியை அடியிலே காலால் உதைத்தால் நீர் முழுவதும் குலுங்கி வெளியே சிந்தும். அது ஆழிப்பேரலை. இதைத்தான் அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

மேற்பரப்பு முதல் அடித்தளம் வரை முழு நீரும் அசைவதனால் இந்த அலையின் வேகத்தைக் கடலின் ஆழமே தீர்மானிக்கின்றது. 4,000 மீற்றர் ஆழமுள்ள இடத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வேகத்தில், ஓர் ஆகாய விமானத்தைப்போல ஓடுகின்றது. சுமாத்திராவிலிருந்து ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் தூரத்திலுள்ள எமது கிழக்குக் கரையை அது சுமார் இரண்டு மணி நேரத்தில் வந்தடைந்தது. நடுக்கடலில் அதன் உயரம் மிகச் சிறியது. அன்று வங்காள விரிகுடாவின் மேலாகச் சென்ற ஜேசன் 1 என்னும் செய்மதி அளந்தபோது அது ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் மட்டுமே. ஓர் அலை முடிவதற்குப் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை செல்வதனால் ஆழ்கடலில் நின்ற படகுகள் அதனை உணரவே மாட்டா. கரையை நெருங்கி ஆழம் குறைந்தபோது வேகம் குறைந்தது. பின்னால் வந்த நீர் முன்னால் நின்ற நீரின்மேல் ஏறிக் குவிந்தது. உயரம் பன்மடங்காகியது. சுனாமி என்னும் யப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்று பொருள். கடலிலே எதையும் காணாமல் திரும்பிய மீனவர்கள் துறைமுகம் அழிந்து கிடப்பதைக் கண்டதனால் அப்பெயர் வந்தது என்பார்கள்.

அன்று எமது நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரும், எல்லா நாடுகளிலுமாக இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். தென்பகுதியில் பெரேலிய என்னும் இடத்தில் ஒரு புகையிரதத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு மணி நேரம் இருந்தது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை முறை அன்று இருக்கவில்லை. கடலைப் பற்றிய அறிவும் எம்மிடம் இருக்கவில்லை.

பூரணைக்கும் சுனாமிக்கும் தொடர்பு உண்டா?

அன்று பூரணையாக இருந்தமையினால், பறுவத்தில் கடல் பொங்கியது என்று இன்றும் சிலர் கூறுவர். சந்திரனின் ஈர்ப்பினால் வற்றும் பெருக்கும் ஏற்படுவது உண்மை. ஆனால் எமது தீவைச் சுற்றி அதன் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவானதே. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி யப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை பூரணையிலும் வரவில்லை, அமாவாசையிலும் வரவில்லை. வானில் அன்று ஏறக்குறைய அரைச்சந்திரனே இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி திருகோணமலையை ஒரு சூறாவளி தாக்கியது. சரியாக நான்கு ஆண்டுகளின் பின்னர் அதே திகதியில் ஆழிப்பேரலை வந்தது. திகதி ஒன்றாயினும் காரணங்கள் முற்றிலும் வேறு. மார்கழி 26 வந்தாலே அஞ்சுவதும், ஏனைய நாட்களில் அசட்டையாக இருப்பதும் இரண்டும் தவறு. சூறாவளிக்குப் பருவம் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பருவம் இல்லை.

எல்லாப் புவிநடுக்கமும் ஆழிப்பேரலையைக் கொண்டுவருவதும் இல்லை. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் ஒரு புவிநடுக்கம் ஏற்பட்டது. கரையோர மக்கள் அனைவரும் வெளியேறினோம். பேரலை வரவில்லை. அன்று தகடுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டிலே உராய்ந்து சென்றதனால் நீர் பெரிதாக எழவில்லை. “சும்மா ஓடவிட்டார்கள்” என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. தகடு எவ்வாறு அசைந்தது என்பதை முதல் நிமிடங்களிலே அறிய முடியாது. ஆகவே பத்து முறை வீணாக ஓடினாலும், பதினோராவது முறையும் ஓடத்தான் வேண்டும்.

காற்றுக்கும் சுனாமிக்கும் தூரத்து உறவு

அப்படியாயின் வளிக்கும் ஆழிப்பேரலைக்கும் எந்த உறவும் இல்லையா என்று கேட்கலாம். மிக அரிதாக உண்டு. காற்றழுத்தத்தில் ஏற்படும் திடீர் மாற்றம் ஒன்று, கடலலை ஓடும் அதே வேகத்தில் கடலின் மேலாக ஓடினால், ஊஞ்சலைத் தக்க சமயத்தில் தள்ளுவதுபோல அலையை வளர்த்துவிடும். ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்கா தீவில் 2006ஆம் ஆண்டு யூன் மாதம் இவ்வாறு துறைமுக நீர் திடீரென வற்றிப் பெருகிப் பல படகுகளைச் சேதப்படுத்தியது. 2022ஆம் ஆண்டு சனவரி 15ஆம் திகதி தொங்கா நாட்டின் கடலடி எரிமலை வெடித்தபோது எழுந்த காற்றழுத்த அலை உலகையே பலமுறை சுற்றிவந்து, அந்தக் கடலோடு நேரடித் தொடர்பில்லாத தூரத்துக் கடல்களிலும் சிறு அலைகளை எழுப்பியது. ஆனால் எமது முற்றத்தில் வீசும் வாடையோ, சூறாவளியோ பேரலையைப் பெற்றெடுப்பதில்லை.

எரிமலையும் சரிவும் பேரலையை உண்டாக்கக்கூடும். 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் திகதி கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் அலை எமது தீவின் கரையையும் எட்டியது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவு அதே இடத்தில் எழுந்திருந்த இளம் எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து வீழ்ந்தது. முன்னெச்சரிக்கையாகப் பெரிய புவிநடுக்கம் எதுவும் இல்லாமலே அலை வந்து 400க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

காற்று நமக்குச் செய்யும் ஓர் உதவியையும் இங்கே கூறவேண்டும். கரையோரத்து மணற்குன்றுகள் காற்று கட்டிய மதில்கள். ஆண்டாண்டு காலமாகக் கச்சானும் வாடையும் அள்ளிக்கொண்டுவந்து குவித்த மணல் அது. 2004இல் உயர்ந்த மணற்குன்றுகள் நின்ற இடங்களில் அலை உட்புகுவது தடைப்பட்டது. குன்றுகள் வெட்டப்பட்ட இடைவெளிகளினூடாக அது பாய்ந்து சென்றது. ஆகவே வீடு கட்டவென்று கடற்கரை மணலை உழவு இயந்திரத்தில் ஏற்றுபவர், காற்று நூறு ஆண்டுகளாகக் கட்டிய மதிலை ஒரு நாளில் உடைக்கிறார் என்பதை உணரவேண்டும்.

சிமேலு தீவின் பாட்டிமார்

2004இல் புவிநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அண்மையில் இருந்தது சுமாத்திராவுக்கு மேற்கேயுள்ள சிமேலு என்னும் தீவு. எமக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. அவர்களுக்குப் பத்து நிமிடம்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. தொலைபேசி எச்சரிக்கையோ வானொலி அறிவித்தலோ இல்லை. ஆயினும் ஏறக்குறைய 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே.

காரணம் என்ன? 1907ஆம் ஆண்டு அங்கு ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. உயிர் தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக நடுங்கினால், கடல் பின்வாங்கினால், பொருட்களைத் தேடாதே, மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 97 ஆண்டுகளின் பின்னர் நிலம் நடுங்கியபோது ஒருவர் “ஸ்மோங்” என்று கத்த, ஊரே மலைக்கு ஓடியது.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் ரில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன்னர் புவியியல் பாடத்தில் கற்றதை நினைவுகூர்ந்து, கடல்நீர் நுரைத்து நிற்பதைக் கண்டு பெற்றோரிடம் கூறினாள். அக்கரையில் நின்ற ஏறக்குறைய நூறு பேர் காப்பாற்றப்பட்டனர். ஓரிடத்தில் பாட்டி சொன்ன கதை, இன்னோரிடத்தில் ஆசிரியர் சொன்ன பாடம். இரண்டும் உயிர் காத்தன.

உள்ளே இருப்பதா, ஓடுவதா?

இக்கட்டுரையின் முக்கியமான பகுதி இதுவே. சூறாவளிக்கும் ஆழிப்பேரலைக்கும் நாம் செய்யவேண்டியவை ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டையும் மாற்றிச் செய்தால் உயிர் போகும்.

சூறாவளி எச்சரிக்கை வந்தால், கரையோரத் தாழ்நிலத்திலும் உறுதியற்ற வீடுகளிலும் இருப்போர் காற்று தொடங்குவதற்கு முன்னரே, நேரத்தோடு பாதுகாப்பான கட்டிடத்துக்குச் செல்லவேண்டும். காற்று தொடங்கிய பின்னர் உறுதியான கட்டிடத்தின் உள்ளேயே இருக்கவேண்டும். யன்னல்களை விட்டு விலகி இருக்கவேண்டும். இடையிலே திடீரெனக் காற்று ஓய்ந்தால் அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் வரும். ஆகவே அறிவித்தல் வரும்வரை வெளியே வரக்கூடாது.

ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தால், உள்ளே இருக்கக்கூடாது. உடனே கடலை விட்டு விலகி உயரமான இடத்துக்குச் செல்லவேண்டும். எமது கிராமம் கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் தாழ்ந்த மணல்நிலம். மலை இல்லை. தூரம் செல்ல நேரமில்லாதவர்கள் உறுதியான மாடிக் கட்டிடத்தின் மேல்மாடிக்கு ஏறவேண்டும். நகை, உறுதி, அடையாள அட்டை என்று தேடி நிற்கக்கூடாது.

இங்கே ஒரு நுட்பமான விடயம் உண்டு. “முதலில் கடல் வற்றும், பிறகுதான் அலை வரும்” என்று பலர் நம்புகிறார்கள். தாய்லாந்துப் பக்கத்தில் கடலடி தாழ்ந்ததனால் அங்கு முதலில் கடல் வற்றியது. எமது பக்கத்தில் கடலடி உயர்ந்ததனால் முதலில் வந்ததே அலைதான். அதன் பின்னரே கடல் வெகுதூரம் உள்வாங்கியது. அப்போது அதைப் பார்க்கவும், துடிக்கும் மீன்களைப் பொறுக்கவும் சென்றவர்களை அதனிலும் பெரிய இரண்டாவது அலை கொண்டுபோனது. ஆகவே கடல் வற்றினால் ஓடவேண்டும். ஆனால் வற்றட்டும் என்று காத்திருக்கக்கூடாது. முதல் அலை போனதும் திரும்பிவரவும் கூடாது. அபாயம் நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும்வரை, பல மணி நேரமானாலும், பொறுத்திருக்கவேண்டும். சுமாத்திரா தூரத்தில் இருப்பதனால் எமக்கு நிலம் நடுங்குவது தெரியாமலும் போகலாம் என்பதையும் மறவாதீர்கள்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இடர் முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 117. எச்சரிக்கை உண்மையா வதந்தியா என்று அறிய அந்த இலக்கத்துக்கு அழைக்கலாம். கிராம உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். கைத்தொலைபேசியில் எவரோ அனுப்பிய செய்தியை நம்பி ஊரைக் கலைக்காதீர்கள். அதேவேளை கடல் தன் இயல்பு மாறுவதை உங்கள் கண்ணாற் கண்டால் எவருடைய அறிவித்தலுக்கும் காத்திராதீர்கள்.

ஆலயத்தின் கடமை

இவை எல்லாம் மக்கள் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சொல்பவர்கள் உளர். தாயின் மடியிலிருந்த குழந்தைகள் என்ன பாவம் செய்தன? பிள்ளையை இழந்த தாயின் முன்னால் நின்று அவ்வாறு கூறுதல் சமயமாகாது. புவித்தகடு நகர்வதும், காற்று வீசுவதும் இறைவன் அமைத்த ஒழுங்கு. அவ்வொழுங்கை அறிந்து நடக்க நமக்கு அறிவைத் தந்ததும் அவன் அருளே. அந்த அறிவைப் பயன்படுத்தாமல் விடுவதே நாம் செய்யும் பிழை.

ஆகவே பரிபாலன சபையினருக்கும் அடியார்களுக்கும் மூன்று யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கின்றேன்.

முதலாவது, எமது தீர்த்தோற்சவம் கடற்கரையிலே நடைபெறுகின்றது. அன்று முதியோரும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோர் அலையோரத்தில் நிற்கின்றோம். அன்றைய தினம் கடலைக் கவனிப்பதற்கும், எச்சரிக்கைச் செய்தியைக் கேட்பதற்கும் இரண்டு தொண்டர்களை நியமிக்கவேண்டும். வாகனங்கள் வெளியேறும் பாதையை மறித்து நிறுத்தப்படக்கூடாது.

இரண்டாவது, ஆலயத்தின் கண்டாமணியை ஊருக்கு எச்சரிக்கை மணியாகவும் பயன்படுத்தலாம். பூசை மணியிலிருந்து வேறுபட்ட ஓர் ஒலிமுறையைக் கிராம உத்தியோகத்தரோடு கலந்து தீர்மானித்து, அது ஆழிப்பேரலைக்கு மட்டும் உரியது என்று ஊரெல்லாம் அறியச் செய்யவேண்டும். காற்றுக்கு அந்த மணி ஒலிக்கக்கூடாது.

மூன்றாவது, ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் திகதி காலை 9.25 முதல் 9.27 வரை நாடெங்கும் மௌன அஞ்சலி செலுத்தப்படுகின்றது. நாமும் விளக்கேற்றி, இழந்த உறவுகளுக்காக மோட்சார்ச்சனை செய்கின்றோம். அந்த இரண்டு நிமிட மௌனத்தின் பின்னர் பத்து நிமிடம் நாம் பேசவேண்டும். அன்று அலையைக் கண்டு தப்பியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளை முன்னே இருத்தி, தாம் கண்டதைத் தம் வாயாற் சொல்லவேண்டும். சிமேலுத் தீவில் அந்த நினைவு 97 ஆண்டுகள் நிலைத்தது. எமது ஊரில் 21 ஆண்டுகளிலேயே ஒரு பிள்ளை, காற்றடித்தால் சுனாமி வருமா என்று கேட்கின்றது. அது அந்தப் பிள்ளையின் குறையன்று.

“காற்றுக்கு உள்ளே இரு, கடலுக்கு மேலே ஏறு.” அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் இப்போது சொல்லிக்கொடுப்பது இந்த ஒரு வரியைத்தான். அடியார்களும் இதனைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிக்கொடுப்பீர்களாக.

ஐம்பூதங்களாகவும் அவற்றைக் கடந்தும் நிற்கின்ற அன்னை பராசக்தி, எமது கிராமத்தையும் அயற்கிராமங்களையும் காத்தருள்வாளாக. கடலோடு போன எமது உறவுகளின் ஆத்மாக்கள் அவள் பாதத்தில் அமைதி பெறப் பிரார்த்திப்போமாக.

சுபம்.